ஜெயித்தவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்

வழக்கில் தோற்ற கட்சிக்காரரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர் திரும்பி வருவார். மேல்முறையீடு என்பார், தவணை என்பார், நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை என்று உங்களையே திட்டுவார், ஆனால் வருவார். ஜெயித்தவர்தான் காணாமல் போகிறவர். முத்திரை குத்திய தீர்ப்பைக் கையில் வாங்கியதும் ஆபீஸ் படியிறங்கி, எதிர்க்கடையில் ஒரு வெள்ளைக் காப்பி குடித்துவிட்டு, பஸ் ஏறிவிடுவார். வழக்கு அதோடு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். நீங்களும் அப்படியே நினைத்து ஃபைலைக் கட்டி மேலே போட்டால், எனக்குக் கோபம் வரும்.

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி ஷாமளா கேட்டாள். உங்களுக்கு அவள் சீனியர், பார்த்ததும் எழுந்து நிற்கிறீர்கள். எனக்கு அவள் இன்னும் ஈப்போ மழையில் குடையை மறந்துவிட்டு நனைந்து வந்து, ஃபைலை மட்டும் நனையாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த ஜூனியர்தான். சட்டப் பிரிவுகளை அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாள். நான் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. சிவில் தீர்ப்புக்கு ஆயுள் உண்டு. நம் நாட்டில் அது பன்னிரண்டு வருடம். முதல் ஆறு வருடத்துக்குள் அதை நிறைவேற்றுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, பெயிலிப்பை, அதாவது கோர்ட்டு அமீனாவை, அனுப்பிவிடலாம். ஆறு தாண்டினால் கோர்ட்டில் போய் அனுமதி கேட்க வேண்டும். இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். பன்னிரண்டும் தாண்டினால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. லைசன்ஸை ரினியூ பண்ணுகிற மாதிரி தபால் நிலையத்தில் போய்ப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருக்கிறவர்கள். நான் சிரித்ததில்லை. நியாயத்துக்குக் காலாவதித் தேதி இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

தனபாக்கியம் பத்து காஜா டவுன் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டத்தை விற்றபோது கம்பெனி, லயத்தில் குடியிருந்த குடும்பங்களுக்குத் தோட்டத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தது. வேலை பார்த்தவர் தோட்ட ஆபீசுக்கு வந்து தன் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு முந்தின வாரம் தனபாக்கியத்தின் கணவர் இறந்துபோனார்.

நான் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். என் அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர். ஆனாலும் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விதவை வாசல் தாண்டக் கூடாது என்கிற வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. தனபாக்கியத்தின் மாமியார் தாண்டவிடவில்லை. தனபாக்கியத்துக்கும் தாண்டத் தோன்றவில்லை. அவருக்குப் பதிலாகக் கணவரின் தம்பி ராமையா போனார். பதிவு எழுதிய ஆபீஸ் கிராணிக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ராமையா தன் பெயரைக் கொடுத்தார். "அப்புறமா ஒங்க பேருக்கு மாத்திக் கொடுத்துடுறேன் அண்ணி" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றைக்கு அவர் மனசார சொல்லியிருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

புது வீட்டுக்கு ராமையா தன் மனைவி சரோஜா, இரண்டு பெண் பிள்ளைகள், அம்மா என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு குடிபோனார். தனபாக்கியம் மகனோடு சித்தியவானுக்குப் போனார். மகனுக்கு லூமுட்டில் கப்பல் பட்டறை வேலை. வருடங்கள் போயின. வீட்டைக் கேட்டபோது ராமையா, "வீட்டு கிராண்ட் பத்திரம் என் பேர்லதானே இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் தனபாக்கியம் முதல்முறையாக என் ஆபீஸ் படி ஏறினார்.

வழக்கை நான் விவரிக்கப் போவதில்லை. அந்தப் பழைய கிராணியே வந்து சாட்சி சொன்னார், ஜெயித்தோம். வீடு தனபாக்கியத்துடையது, ராமையா காலி செய்து பெயரையும் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. தனபாக்கியம் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மஞ்சள் துணியில் சுற்றினார். சித்தியவானில் சாமி மேடையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினார் என்று பிற்பாடு தெரிந்தது. ஆறு வருடம், பன்னிரண்டு வருடம் என்று அன்றே நான் சொன்னேன். "நீங்க சொன்னா சரி லா லாயரம்மா" என்றார். ஜெயித்த நாளில் யார் காதிலும் எதுவும் ஏறாது. அதனால் அன்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

நான் நிறுத்தவில்லை. அப்போது நம் ஆபீஸ் பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசம் வரும், மத்தியானம் மூன்று மணிக்கு மலைப்பக்கத்திலிருந்து மழை வரும். அந்த மழை நேரத்தில் கோர்ட்டு வேலை இருக்காது, கட்சிக்காரர்களும் படியேற மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தின மாதம் அப்படி ஒரு மழை நாளைப் பார்த்து, ஜெயித்தும் நிறைவேறாத ஃபைல்களை எல்லாம் மேசையில் இறக்கி, ஒவ்வொருவருக்கும் போன் போடுவேன். வருடா வருடம். அந்த மழைச் சத்தமும், கறுப்பு போனில் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்ததும் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. வேலையில் எதையாவது திரும்பக் கொடுங்கள் என்று கேட்கச் சொன்னால் அந்த மத்தியானங்களைத்தான் கேட்பேன்.

"தனபாக்கியம், பெயிலிப்ப அனுப்பலாமா?"

முதல் வருடம்: "ராமையா வீட்டுப் பெரியவ எஸ்பிஎம் பரீட்ச எழுதுறா லாயரம்மா. ராமையா வந்து கேட்டான். படிக்கிற பிள்ளைய வெளிய தள்ளலாமா?"

அடுத்த வருடம் மாமியாருக்குப் பக்கவாதம். அதே வீட்டில் கிடையாய்க் கிடந்தார். "அத்தை அங்க கெடக்கும்போது நான் எப்படி ஆள அனுப்புவேன்?" என்றார் தனபாக்கியம். அனுப்பாததோடு நிற்கவில்லை. சித்தியவானிலிருந்து பஸ் ஏறிப் போய், தன்னைக் கணவன் செத்த வீட்டில் வாசல் தாண்டவிடாத அந்த மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினார். வாரா வாரம். கேள்விப்பட்டு நான் போனில் கத்தினேன். "ஒங்க வீட்டுக்கு நீங்களே விருந்தாளியா போயிட்டு வாரீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். "தாப்பா லா" என்றார். பரவாயில்லை என்பதை மலாயில் சொன்னால் பாரம் குறையும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மாமியார் இறந்தார். துக்க வருடம். அது முடிந்ததும் பெரியவளுக்குக் கல்யாணம். அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்கு அதிகாரியை அனுப்பினால் ஏழேழு பிறவிக்கும் பாவம் என்றார் தனபாக்கியம். அதற்குள் ஆறு வருடம் தாண்டிவிட்டது. சொன்னேன். "சரி லா" என்றார். பிறகு ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நோய்க்காலம் வந்தது, அப்போது யாரை எங்கே அனுப்புவது? பிறகு ராமையாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். ஒவ்வொரு முறையும் ராமையா நேரில் வந்து கேட்டார், ஒவ்வொரு முறையும் தனபாக்கியம் சரி என்றார். ஒவ்வொரு மழைக்காலமும் நான் போனை வைத்துவிட்டு ஃபைலைத் திருப்பிக் கட்டினேன்.

நம் தொழிலில் இதுதான் சங்கடம். உரிமை கட்சிக்காரருடையது. அதைப் பயன்படுத்து என்று நாம் சொல்லலாம், கழுத்தைப் பிடித்துத் தள்ள முடியாது.

பன்னிரண்டாவது வருடம் நான் போன் போடுவதற்கு முன் அவரே வந்துவிட்டார். ஆபீஸ் அதற்குள் புது இடத்துக்கு மாறியிருந்தது, லிஃப்ட் எல்லாம் வந்துவிட்டது. தனபாக்கியம் லிஃப்டை நம்பாமல் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கையில் பங்கோர் தீவு நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். அது எனக்கு. அறுபதைத் தாண்டியவர், வெயிலில் வந்திருக்கிறார். ஷாமளா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மகனுக்கு ஜொகூருக்கு மாத்திட்டாங்க," என்றார். "வருசக் கடைசியில சித்தியவான் வாடக வீட்ட விட்டுடுறான். அங்க ரெண்டு ரூம் ஃபிளாட். மருமக அப்பா அம்மாவும் கூட இருக்காங்க. வாங்க அம்மான்னுதான் கூப்புடுறான். நான் எங்க படுக்க, ஹாலுலயா? எனக்குன்னு ஒரு வாசல் வேணும் லாயரம்மா. வயசாயிருச்சு."

"ரொம்ப நல்லது. அனுப்பலாம்," என்றேன். பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை.

"நேத்து ராமையா வந்தான்."

என் சந்தோஷம் அங்கேயே அடங்கியது.

"சின்னவளுக்குத் தையில கல்யாணம். தட்டு வச்சுக் கூப்பிட்டான். அந்த வீட்டுலேருந்து பொண்ணு எறங்கணும், தை கடைசியில சாவியக் கையில கொடுத்துடுறேன், அது வரைக்கும் பொறுத்துக்குங்க அண்ணின்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

நான் மேசையைத் தட்டினேன். தண்ணீர் சிந்தியது. தீர்ப்பின் பன்னிரண்டு வருடம் மார்கழி நடுவில் முடிகிறது. தை பிறக்கும்போது அந்த மஞ்சள் துணிக்குள் இருப்பது வெறும் தாள். கிராண்டில் ராமையாவின் பெயர், வீட்டுக்குள் ராமையாவின் குடும்பம். அதற்குப் பிறகு சாவியைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் இஷ்டம். இதையெல்லாம் நான் சொன்ன சத்தத்தில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் மேசையில் சிந்திய தண்ணீரை முந்தானையால் துடைத்தார். பிறகு சொன்னார்: "நான் சரின்னு சொன்னேன். நீங்க சொல்லலயே லா."

நானும் ஷாமளாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"பொண்ணு கல்யாணத்துக்குத் தட்டோட வந்து நிக்கிறவன்கிட்ட அண்ணி முடியாதுன்னு சொல்ல முடியுமா? வாங்கிக்கிட்டேன். விடிஞ்சதும் பஸ் ஏறிட்டேன். முன்னெல்லாம் அவன் என் மொகத்தப் பார்த்துத்தான் கேப்பான். நேத்து தட்டயே பார்த்துக் கேட்டான். யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க." தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதை அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஆனா ஒண்ணு. கல்யாணம் அந்த வீட்லதான் நடக்கணும். வாக்குக் கொடுத்துட்டேன். அது வரைக்கும் மகன் வீட்டு ஹாலுல படுத்துக்குறேன். அதுக்கு முன்ன பெயிலிப்பு அந்தப் பக்கம் போகக் கூடாது."

தீர்ப்பைச் சாகவும் விடக் கூடாது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகவும் கூடாது. கட்சிக்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள். முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு காப்பி குடியுங்கள்.

வழி இருந்தது. அனுமதி வாங்கி, வீட்டை மீட்கும் ஆணையை மார்கழிக்குள் கோர்ட்டிலிருந்து எடுத்துவிட்டால், அந்த ஆணைக்குத் தனியாக ஒரு வருட உயிர் உண்டு. அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு நானும் கல்யாணத்துக்குப் போய் அட்சதை போடலாம். இன்னொரு வழியும் உண்டு. பழைய தீர்ப்பையே ஆதாரமாக வைத்து, பன்னிரண்டு வருடத்துக்குள் புது வழக்குப் போட்டுப் புதுத் தீர்ப்பு வாங்குவது. அதை உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ஆனால் அது இன்னும் சில வருடம் இழுக்கும். வருடக் கடைசியில் படுக்க இடமில்லாத பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, அனுமதி. இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தாய் என்கிற கேள்விக்குச் சத்தியம் செய்து ஒரு பதில்.

ஷாமளா இரண்டு நாளில் வரைவு கொண்டுவந்தாள். அழகான வரைவு. எதிர்த்தரப்பின் இருப்பிடத்தை உறுதி செய்ய முடியவில்லை, சமரசப் பேச்சு நீண்டது என்று எழுதியிருந்தாள்.

"இருப்பிடம் தெரியலயா?" என்றேன். "வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போயி மாமியாரக் குளிப்பாட்டியிருக்காங்க. தீபாவளிக்கு அங்கதான் சாப்பிட்டிருக்காங்க."

"அதத்தான் மேடம் சொல்லக் கூடாது. உண்மையச் சொன்னா கோர்ட்டு அத எரக்கம்னு எடுத்துக்காது, அலட்சியம்னு எடுத்துக்கும். உரிமைய விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு அவுங்க வக்கீல் ஒரே போடா போட்டுடுவாரு."

அவள் சொன்னதில் தவறில்லை. பரீட்சை, பக்கவாதம், துக்கம், கல்யாணம், பிரசவம். இவற்றைச் சட்டம் காரணமாக ஏற்றுக்கொள்ளும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பொய் சொன்னால் தோற்க மாட்டோம் என்று தெரிகிற இடம் ஒன்று நம் தொழிலில் எல்லாருக்கும் வரும். உங்களுக்கும் வரும். அங்கே நல்ல குணம் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கணக்கும் பார்க்க வேண்டும். நான் பார்த்த கணக்கு இதுதான்: தனபாக்கியம் சொல்வது உண்மை என்று நேரில் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ராமையா. நாம் பொய் சொன்னால் அவர் தைரியமாக மறுப்பார். உண்மையைச் சொன்னால், அதை மறுக்க அவர் தன் அம்மாவின் படுக்கையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மறுநாள் ஷாமளாவிடம் வரைவைத் திருப்பிக் கொடுத்தேன். "நடந்தத நடந்தபடி எழுது. குளிப்பாட்டுனதையும் எழுது."

எழுதினாள். அவள் முகம் சரியில்லை. ஆனாலும் எழுதினாள்.

மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல கெட்டிக்காரர், எனக்குப் பல வருடப் பழக்கம், அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதிர்க்கிறோம், மறுப்பு தாக்கல் செய்கிறோம் என்று ஒரு தவணை வாங்கினார். டிசம்பர் விடுமுறை வேறு குறுக்கே நின்றது. விடுமுறைக்கு முந்தின வாரம் நீதிபதி ஒரு நாள் கொடுத்தார், அதற்குமேல் தவணை கிடையாது என்றார். அந்த நாள் கைநழுவினால் அடுத்தது ஜனவரிதான். ஜனவரியில் தீர்ப்பு இருக்காது.

இப்போதெல்லாம் பாதி வழக்கு திரையில் நடக்கிறது. நீங்கள் மேலே கோட்டும் கீழே கைலியுமாக உட்கார்ந்து வாதாடுகிறீர்கள் என்று கேள்வி. அன்று நாங்கள் நேரில் போனோம், கடவுள் புண்ணியம். ராமையா நடைவழி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் மெலிந்திருந்தார். தனபாக்கியம் அவரைப் பார்த்ததும் நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சாப்ட்டியா தம்பி?"

"இல்ல அண்ணி."

"மாத்திர போடணும்ல? வெறும் வயித்துல போடாத." பையிலிருந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார். ராமையா அதைப் பிரிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

அப்போதுதான் அவருடைய வக்கீல் அவசர அவசரமாக வந்தார். மறுப்புரை தயார், ராமையா சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. உள்ளே அழைக்கக் கொஞ்ச நேரமே இருந்தது. அது மலாயில் எழுதப்பட்டிருந்தது. ராமையாவுக்கு அதைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும் என்பது முறை, வக்கீலும் நின்றபடியே வேகமாகச் சொல்ல ஆரம்பித்தார். தனபாக்கியம் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார், ஆனால் சின்ன நடைவழி, எல்லாம் காதில் விழுந்தது.

"வாதி எந்தக் காலத்திலும் என் வேண்டுகோளுக்காகக் காத்திருக்கவில்லை. நான் அவரிடம் எப்போதும் தவணை கேட்டதில்லை. என் தாயார் நோயுற்றிருந்த காலத்தில் வாதி அவரைப் பராமரித்தார் என்பது முழுப் பொய்..."

"நிறுத்துங்க," என்றார் ராமையா.

வக்கீல் நிறுத்தினார்.

"இது யாரு எழுதுனது?"

"நீங்க மறுக்கணும் அங்கிள். ஒண்ண ஒத்துக்கிட்டா எல்லாத்தையும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மார்கழி தாண்டுனா போதும்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதுக்காகத்தான் தட்டத் தூக்கிட்டுப் போனேன்." ராமையாவின் குரல் உயரவில்லை. "போனது தப்பு, போனேன். ஆனா இது வேற லா. எங்கம்மா மூணு வருசம் கெடந்துச்சு. என் பொண்டாட்டி மூக்கப் பொத்திக்கிட்டு நின்ன நாள்ல அண்ணிதான் தொடச்சு வுட்டுச்சு. சாகுறப்ப எங்கம்மா என் பேரச் சொல்லல, அது பேரத்தான் சொல்லுச்சு. நான் இதுல கையெழுத்துப் போட்டா என் கை வெளங்குமா?"

பேனாவை வக்கீலின் சட்டைப் பையில் திருப்பிச் செருகிவிட்டு, மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் வந்து கையை விரித்தார். "என்ன அக்கா இது? என் கட்சிக்காரர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு."

"உங்க கட்சிக்காரர் பசியா இருக்காரு, சாப்பிடட்டும்," என்றேன்.

உள்ளே நீதிபதி எங்கள் பிரமாணப் பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை மறுபடி படித்தார். அந்த அம்மாள் யாரிடமும் சிரித்துப் பேசாதவர், அன்றும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாமதத்துக்கு இத்தனை காரணம் சொல்லியிருக்கிறீர்கள், எல்லாமே எதிர்த்தரப்பின் வீட்டுக் காரணமாக இருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். எதிர்த்தரப்பு மறுக்கிறதா என்று கேட்டார். மறுக்கவில்லை என்று அந்த வக்கீல் எழுந்து சொன்னார். அனுமதி கிடைத்தது. ஆணையை அந்த வாரமே எடுத்தோம். ஷாமளா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று மூக்கைச் சிந்தினாள். இதை எழுதினேன் என்று கோபித்துக்கொள்வாள், கோபித்துக்கொள்ளட்டும்.

தையில் நானும் அவளும் அந்தக் கல்யாணத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் பால்மரமாக இருந்து, பிறகு செம்பனையாகி, இப்போது வீட்டு வரிசையாகிவிட்ட இடம். தனபாக்கியம் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றார். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று வந்தவர்களுக்குத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. பெண் அந்த வீட்டிலிருந்துதான் இறங்கினாள். இறங்கும்போது முதலில் பெரியம்மா காலில்தான் விழுந்தாள். ஆணை என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

தை கடைசியில் ராமையா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணிக்குக் கொடுத்த வாக்குக்காகவா என்று கேட்டேன். "வாக்கும்தான்," என்று சிரித்தார். "வாரண்டு ஒங்க மேசையில இருக்குன்னும் தெரியும்லா." அவரும் சரோஜாவும் பெரியவள் வீட்டுக்குப் போனார்கள். பெயர் மாற்றுவதற்கு நில அலுவலகத்துக்குப் போன நாளில், கையெழுத்துப் போட இந்த முறை தனபாக்கியம் தானே போனார்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ஆறு வருடத்தையும் பன்னிரண்டு வருடத்தையும் இப்போது கணினி ஞாபகப்படுத்துகிறது, சிவப்பில் எழுத்து மின்னுகிறது. நல்லது. ஆனால் பெயிலிப்பை ஏன் அனுப்பவில்லை என்று அது கேட்காது. கேட்டாலும் அதனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை நீங்களே கூப்பிடுங்கள். திட்டுங்கள், கேளுங்கள், கேட்டதை நினைவில் வையுங்கள். ஒரு நாள் சத்தியம் செய்து எழுத வேண்டி வந்தால் உங்களிடம் இருக்கப்போவது அது மட்டும்தான்.

நான் ஓய்வுபெற்ற முதல் வருடம். தீபாவளிக்கு முந்தின மாதம், மூன்று மணி மழை. பழக்கதோஷத்தில் போனைக் கையில் எடுத்துவிட்டேன். ஃபைலும் இல்லை, ஆபீஸும் இல்லை, யாரைக் கூப்பிடுவது? அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். அப்படியே உட்கார்ந்திருந்தபோது கையிலேயே அது மணியடித்தது.

"லாயரம்மா, மழ பெய்யுது, இன்னும் கூப்புடலயே நீங்க?" என்றார் தனபாக்கியம். "ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? ஒங்க கேஸ்தான் முடிஞ்சு போச்சே."

"முடிஞ்சா என்ன லா? தீபாவளிக்கு ராமையாவையும் சரோஜாவையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் வாங்க. வீடு இருக்கு."